நோவை அளக்க ஒரு மெஷின் இருந்தா லேபர் றூமில நல்லாத்தான் இருக்கும்

"மனுச உடம்பு 45 டெல் வரைக்கும்தான் நோவைத் தாங்குமாம், ஆனா ஒரு தாய் பிள்ளை பெறேக்க 57 டெல் தாங்கிறாவாம், அது ஒரே நேரத்தில 20 எலும்பு முறியிறதுக்குச் சமனாம்." அன்னையர் தினம் கிட்ட வந்தாக் காணும், எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில இதை யாராவது கொண்டு வந்து போட்டிடுவினம். கீழ ஒரு ரோசாப்பூ, கும்பிடுற கை, மாமாமார் எல்லாம் வரிசையா ஹார்ட். 45தான் உச்சம் எண்டா 57 எங்கயிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். டெல் எண்டு நோவுக்கு ஒரு அளவே கிடையாது. 20 எலும்பை ஒண்டா முறிச்சு, அதையும் பிள்ளைப்பேறையும் பக்கத்தில வைச்சுப் பாத்தவையும் இல்ல.

ஆனா டோல் எண்டு ஒண்டு உண்மையா இருந்தது. அதுதான் கை மாறிக் கை மாறி டெல் ஆகியிருக்கோணும் எண்டு நினைக்கிறன். 1940கள்ல அமெரிக்காவில கோர்னெல் பல்கலைக்கழகத்தில ஹார்டி, வுல்ஃப், ஹெலன் குடெல் எண்டு மூண்டு பேர் நோவை அளக்கிறதுக்கு ஒரு கருவி செய்தவை, பேர் டொலோரிமீற்றர். நெத்தியில கறுப்பு பூசிப்போட்டு, லென்சால ஒரு லைற்ற குவிச்சு மூண்டு செக்கனுக்கு சூடு காட்டுறது, பிறகு சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, முந்தினதை விட இப்ப கூட நோகுது எண்டு ஆள் சொல்லுற ஒவ்வொரு படியையும் எண்ணுறது. மொத்தம் 21 படி வந்தது, ரெண்டு படிக்கு ஒரு டோல் எண்டு வைச்சு உச்சம் 10.5 டோல். அதுக்கு மேல சுட்டாலும் நோ கூடினதாத் தெரியேல்லையாம்.

இதோட விட்டிருக்கலாம். விடேல்ல. ஹார்டியும் ஜாவர்ட் எண்ட ஒரு பிரசவ டொக்டரும் சேந்து அந்தக் கருவியை லேபர் றூமுக்கே கொண்டு போனவை. ஒரு பொம்பிளைக்கு ஒரு நோ வந்து அடங்கின உடன அவட கையில அந்தச் சூட்டை வைச்சு, இப்ப வந்த நோ இந்தளவா, இதை விடக் கூடவா எண்டு கேட்டு டோல் கணக்கு எழுதினவை. ஒருத்தருக்கு கை கொப்புளிக்கிற அளவுக்குப் போனது. இதை வாசிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் போனைக் கவிட்டு வைச்சிட்டு இருந்தன், நோ வந்து கிடக்கிற மனுசிக்கு சூடு வைச்சு நோ பாக்கிறதுக்கு என்ன மனசு வேணும்! அவ ஓம் எண்டுதான் கை நீட்டியிருப்பா, அது வேற கதை. பிறகு மற்ற ஆய்வுகூடங்கள் செய்து பாக்கேக்க அந்த இலக்கங்கள் ஒழுங்கா வரேல்ல, டோல் மெல்ல மெல்ல கைவிடப்பட்டுப் போச்சு.

இவ்வளவத்தையும் நான் தோண்டினதுக்குக் காரணம் தங்கச்சி. அவ லண்டனில, இந்த வருசம்தான் பிள்ளை பிறந்தது, முதுகில குழாய் விட்டு மருந்து குடுக்கிற எபிடியூரல் போட்டுத்தான். எனக்கு இஞ்ச திருகோணமலைப் பக்கத்தில ஒரு ஆஸ்பத்திரியில பெத்தடின் எண்ட நோ ஊசியோட. ரெண்டு பேரும் போனில கதைச்சுக் கதைச்சு, யாருக்கு நோ கூட எண்டு சின்னனில மாம்பழத்துக்கு அடிபட்ட மாதிரி தொடங்கி, கடைசியில இது எப்பிடித்தான் அளக்கிறது எண்ட கேள்வியில வந்து நிண்டுட்டம்.

அவவுக்கு அங்க மிட்வைஃப் வந்து வந்து கேட்டது ஒரே கேள்விதான். நோவே இல்லாட்டி 0, நினைச்சுப் பாக்கக் கூடிய ஆகப் பெரிய நோ 10, இப்ப எத்தினை? இவ 7 எண்டு சொல்லியிருக்கிறா. ஏன்டி 7, நீ போனில கத்தின கத்துக்கு 7ஆ எண்டு கேட்டன். "இல்லக்கா, 10 எண்டு சொல்லிப்போட்டா பிறகு இன்னும் கூடினா என்னத்தச் சொல்லுறது" எண்டுறா. பாருங்கோ, அந்த நேரத்திலயும் இவ பட்ஜெற் போட்டிருக்கிறா. இன்னொருத்தி எடுத்த எடுப்பில 10 எண்டுவா. ரெண்டு பேரும் ஒரே நோவில கூடக் கிடக்கலாம்.

இஞ்ச கன்னியாவில இருக்கிற ஏழு வெந்நீர்க் கிணறும் ஏழு சூடு எண்டு சொல்லுவம்தானே, ஒவ்வொருத்தரும் வாளியில அள்ளி ஊத்திப்போட்டு இதுதான் கூடச் சூடு, இல்ல அதுதான் எண்டு சண்டை பிடிப்பம். அங்க ஒரு தெர்மோமீற்றரை விட்டுப் பாத்தா சண்டை முடிஞ்சுது. நோவுக்கு உள்ளுக்க விட்டுப் பாக்கிறதுக்கு ஒண்டும் இல்ல, ஊத்தினவள் சொல்லுறதுதான் அளவு.

இதை அறிஞ்ச ஆக்களும் ஒத்துக்கொள்ளுறதுதான். நோ பற்றின உலகச் சங்கம் ஒண்டு இருக்கு, 1973ல தொடங்கினது, தொடங்கி வைச்சவர் ஜோன் பொனிக்கா எண்ட டொக்டர். அவையின்ட வரையறையில நோ எண்டது உடம்பு உணருறது மட்டும் இல்ல, மனசும் சேந்த அனுபவம். 2020ல திருத்தி எழுதேக்க, ஒரு ஆள் தனக்கு நோகுதெண்டு சொன்னா அதை மதிக்கோணும் எண்டும் சேத்து எழுதிப்போட்டினம். பொனிக்காட சொந்தக் கதையும் இதுக்குள்ள வரும். அவற்ற மனுசி முதல் பிள்ளை பெறேக்க மயக்கத்துக்கு ஈதர் குடுத்து சாகக் கிடந்தவ, அதுக்குப் பிறகுதான் அவர் பிரசவத்துக்கு எபிடியூரல் எண்ட பக்கம் மும்முரமா இறங்கினவர்.

மெல்சாக் எண்ட கனடாக்காரர் 1975ல வேற வழியில போனவர். நோவைச் சொல்லுற 78 சொல்லை 20 கூட்டமாப் பிரிச்சு, உனக்குப் பொருந்துறதை எடு எண்டு குடுக்கிறது. பிள்ளை பெறுற ஆக்களிட்டயும் இதைக் குடுத்துப் பாத்தவர். பொதுவா முதல் பிள்ளைக்கு நோ கூட எண்டு வந்தது, ஆனா அதை விட முக்கியம் ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம், சிலருக்கு லேசு, சிலருக்குச் சொல்லி ஏலாது. அப்ப "பிள்ளைப்பேறு நோ இத்தனை" எண்டு ஒரு இலக்கத்தைக் குறூப்பில போடுறது எவ்வளவு விசர் வேலை எண்டு பாருங்கோ.

சரி, இப்ப மெஷின் காலம்தானே, இப்பவும் ஏலாதா எண்டு கேப்பீங்கள். முயற்சி நடக்குது. பிரான்சில செய்த ஒரு மொனிற்றர் இருக்கு, இதயத் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எப்பிடி மாறுது எண்டு பாத்து 0க்கும் 100க்கும் இடையில ஒரு இலக்கம் காட்டும், 100 எண்டா உடம்பு ஆறுதலா இருக்கு, கீழ போகப் போக இறுகுது. 2012ல அதைப் பிரசவத்தில இருந்த 45 பேருக்குப் போட்டுப் பாத்தவை, அவை சொன்ன நோ கூடக் கூட மெஷின் இலக்கம் இறங்கினது. கேக்க நல்லாத்தான் இருக்கு. கண்மணி விரியிறதை கமராவால அளந்து பாத்தவையும் இருக்கினம். உள்ளங்கை வேர்க்கிறதை கரண்ட் ஓட்டத்தால அளக்கிறது, எச்சில்ல கோர்ட்டிசோல் எண்ட, உடம்பு பதறேக்க கூடுற ஹோர்மோனைப் பாக்கிறது எண்டும் இருக்கு.

ஆனா இது எல்லாம் அளக்கிறது உடம்பு பதறுறதைத்தான். பயந்தாலும் இதயம் அடிக்கும், தள்ளேக்க மூச்சைப் பிடிச்சாலும் அடிக்கும், மனுசன் வாசல்ல நிண்டு உள்ள விடாம இருந்தாலும் அடிக்கும்.

எபிடியூரல் வந்தா இன்னும் சிக்கல், அதுதான் எனக்கு இதில ஆக ருசியான இடம். முதுகெலும்புக்குள்ள, இடுப்புக்குக் கொஞ்சம் மேல, தண்டுவடத்தைச் சுத்தி இருக்கிற இடைவெளியில ஒரு மெல்லிய குழாயை விட்டு மருந்து குடுக்கிறது எபிடியூரல். லண்டனில சாதாரணமாக் குடுக்கிறது 0.1 வீதம் பியூபிவக்கெய்ன் எண்ட மரக்கப் பண்ணுற மருந்தும், ஒரு மில்லிலீற்றருக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்ரனில் எண்ட அபின் வகை நோ மருந்தும். அந்த மரக்கப் பண்ணுற மருந்து நோ கொண்டு போற நரம்பை மட்டும் தேடிப் பிடிச்சு நிப்பாட்டாது. பக்கத்தில ஓடுற, இரத்தக் குழாயை இறுக்கிப் பிடிச்சு வைச்சிருக்கிற நரம்பையும் சேத்துத்தான் அமத்தும். அதாலதான் எபிடியூரல் போட்ட உடன பிரசர் இறங்கும், கால் சூடாகும், கால் வேர்வை மாறும். அப்ப காலில வைச்ச வேர்வை மெஷினும் பிரசர் மெஷினும் "ஆகா, நோ குறைஞ்சிட்டுது" எண்டு காட்டினா அது நோ குறைஞ்சதாலயா, இல்ல மருந்து அந்த நரம்பைத் தொட்டதாலயா? பிரிச்சுச் சொல்ல ஏலாது. எதை வைச்சு அளக்கப் போறமோ அதையே மருந்து மாத்திப் போடுது. ஃபென்ரனில் இரத்தத்தில கூடினா கண்மணியையும் சுருக்கும், அங்கயும் அதே பிரச்சினை.

பிள்ளையின்ட இதயத் துடிப்பையும் கருப்பை இறுகிறதையும் கோடாக் கீறிக் காட்டுற சீடிஜி (CTG) மெஷினைப் பாத்து ஏமாறுறதும் உண்டு. தங்கச்சிட மனுசன் பக்கத்தில இருந்து அந்தக் கோட்டைப் பாத்து "வருது வருது, இது பெருசு" எண்டு ரன்னிங் கொமன்றி குடுத்தவராம், இவவுக்கு அவரை அடிக்கோணும் போல இருந்ததாம். வயித்தில பெல்ட்டால கட்டுற அந்த வட்டம் கருப்பை எப்ப இறுகுது, எத்தினை நேரம் இறுகுது எண்டு காட்டும், கோட்டில மலை மாதிரி ஏறி இறங்கும், அந்த மலையின்ட உயரம் பெல்ட் எவ்வளவு இறுக்கமாக் கட்டியிருக்கு, வயிறு எவ்வளவு மொத்தம் எண்டதாலயும் மாறும். எபிடியூரல் பிடிச்ச பிறகும் அதே மலை அதே மாதிரி வந்து கொண்டுதான் இருந்தது, இவ வாயைத் திறந்து வைச்சு நித்திரை. போட்டோ இருக்கு. போட மாட்டன்.

அப்ப எபிடியூரல் வேலை செய்யுதா எண்டு வெளியில இருந்து பாக்கக் கூடிய ஒண்டும் இல்லையா எண்டா, இருக்கு, ஆனா அது நோவின்ட அளவில்ல, மருந்து எது வரைக்கும் பரவியிருக்கு எண்ட அளவு. ஐஸ் கட்டியோ குளிர் ஸ்பிரேயோ எடுத்து தோள்ல வைச்சு இது குளிருதா எண்டு கேட்டு, பிறகு தொடையில, வயித்தில, நெஞ்சுக்குக் கீழ எண்டு வைச்சு எங்க குளிர் தெரியேல்ல எண்டு பாக்கிறது. கருப்பை இறுகிற நோவைக் கொண்டு வாற நரம்புகள்ல மேல் எல்லை கிட்டத்தட்ட தொப்புள் மட்டத்தில வரும், அது வரைக்கும் குளிர் தெரியாமப் போகோணும், ரெண்டு பக்கமும். கால் தூக்க ஏலுதா, முழங்கால் மடக்க ஏலுதா எண்டு பாத்து அதுக்கொரு இலக்கம் குடுப்பினம், கால் ஒரேயடியா மரத்துப் போறது நல்லதில்ல. அதோட இப்ப கையில ஒரு பட்டன் குடுக்கினம், நோ வந்தா அமத்தினா கொஞ்சம் மருந்து போகும், இத்தனை நேரத்துக்கு இத்தனை தரம் எண்டு மெஷின்ல பூட்டு இருக்கும், எத்தினை தரம் அமத்தினா, எத்தினை தரம் குடுத்தது எண்டு கணக்கும் இருக்கும். ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் இந்தக் கணக்கை நோவுக்கு ஒரு சாட்சியா எடுக்கினம். என்ட கண்ணுக்கு இதுவும் தாய் தன்ட வாயால சொல்லுறதை விரலால சொல்லுறது, அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்லுறன். போட்டு ஒரு இருபது நிமிசத்தால மிட்வைஃப் வந்து எத்தினை எண்டு கேக்க இவ 4 எண்டிருக்கிறா. 7ல இருந்து 4, தாளில பாத்தா திருப்திதானே. ஆனா அந்த 4க்குள்ள இருந்தது இடப் பக்கம் ஒண்டுமே இல்ல, வலப் பக்கம் அடி இடுப்பில பழைய மாதிரி வெட்டி வெட்டி இழுக்குது. இவ மனசுக்குள்ள ரெண்டையும் கூட்டிப் பிரிச்சு 4 எண்டு சொல்லிப்போட்டா! நல்ல காலம் அந்த மிட்வைஃப் எங்க நோகுது எண்டும் கேட்டவ, ஐஸ் வைச்சுப் பாத்தா வலப் பக்கம் நல்லாக் குளிருது. அனஸ்தீசியா டொக்டர் வந்து குழாயைக் கொஞ்சம் வெளிய இழுத்து, வலப் பக்கம் சரிஞ்சு படுக்க வைச்சு, இன்னும் மருந்து குடுக்க சரி வந்திட்டுது. இப்பிடி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது அபூர்வம் இல்ல. கடைசியில பிள்ளை இறங்கேக்க நோ இல்ல, ஆனா பின்பக்கம் பயங்கரமா அமத்துது எண்டாவாம், அதுக்கு எத்தினை இலக்கம் எண்டு கேக்க இவவுக்குச் சொல்லத் தெரியேல்ல. அந்த இடத்து நரம்புகள் வேற, இன்னும் கீழ இருந்து வாறது.

இப்ப என்ட பக்கம். எனக்கு ஒருத்தரும் இலக்கம் கேக்கேல்ல. பெத்தடின் ஊசி போட்ட பிறகு நான் அரை நித்திரை, வாய் குழறுது, கத்த ஏலாது, ஆனா நோ வரேக்க உள்ளுக்க முழுசாத் தெரியுது. பெத்தடின் நோவைக் குறைக்கிறதை விட ஆளை மயக்கிறதுதான் கூட எண்டு இப்ப எல்லாரும் எழுதினம். வெளியில நிண்டு பாத்த ஆக்களுக்கு நான் அமைதியான நல்ல பிள்ளை. அம்மா இண்டைக்கும் பெருமையாச் சொல்லுவா, என்ட மூத்தவள் ஒரு சத்தம் போடேல்ல எண்டு. அம்மா, ஊசி போட்டு நாக்கு எழும்பேல்லம்மா.

சத்தத்தை வைச்சு அளக்கிறது எங்கட ஊரில மட்டும் இல்ல. 1999ல வந்த ஒரு ஆய்வு, இஸ்ரேல்ல பீர்ஷெபா எண்ட ஊர் ஆஸ்பத்திரியில, பிரசவத்துக்கு வந்த யூதப் பொம்பிளைகளிட்டயும் பெதூவின் அரபுப் பொம்பிளைகளிட்டயும் நோ எத்தினை எண்டு கேட்டா ரெண்டு பகுதியும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சொல்லியிருக்கினம், ஆனா பக்கத்தில நிண்ட டொக்டரும் மிட்வைஃபும் பெதூவின் ஆக்களுக்கு நோ குறைவு எண்டு எழுதியிருக்கினம். எங்கட திருகோணமலை வார்ட்டை நினைச்சுப் பாருங்கோ, ஒரு கட்டில்ல தமிழ், அடுத்ததில கிண்ணியாவில இருந்து வந்த முஸ்லிம் பிள்ளை, அங்கால கந்தளாயில இருந்து வந்த சிங்களப் பிள்ளை, நேர்ஸ் மிஸ்மாரும் அப்பிடித்தான் கலந்து. நோகுதா எண்டதைச் சிங்களத்தில "ரிதெனவாத" எண்டு கேட்டா எல்லாருக்கும் விளங்கும், ஓம் எண்டு தலையாட்டுவம். எவ்வளவு, எங்க, எப்பிடி எண்டு அடுத்த கேள்விக்குத்தான் பாசை காணாது. விரலைக் காட்டி இலக்கம் கேக்கிறது இந்த இடத்தில உண்மையா உதவும், பாசை வேணாம். அந்த மிஸ்மார் ஓடுற ஓட்டத்தையும் பாத்தனான், குறை சொல்ல இல்ல.

தாளிலயும் ஒரு விசயம் இருக்கு. பிரசவம் போற போக்கை எழுதுற பார்ட்டோகிராம் எண்ட பழைய தாளில பிள்ளையின்ட இதயத் துடிப்பு, கருப்பை வாய் எத்தினை சென்ரிமீற்றர், பத்து நிமிசத்தில எத்தினை தரம் இறுகுது, தாயின்ட பிரசர், நாடி, காய்ச்சல், சலம் எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. நோவுக்குக் கட்டம் இல்ல! உலக சுகாதார நிறுவனம் 2020ல கொண்டு வந்த புதுத் தாளில பக்கத்தில துணை இருக்கா, குடிக்கக் குடுத்ததா எண்டதோட நோக் குறைப்புக்கும் ஒரு வரி வைச்சிருக்கினம். அதிலயும் எழுதுறது குடுத்தது, குடுக்கேல்ல, தாய் வேணாம் எண்டிட்டா, இவ்வளவும்தான். எத்தினை எண்டு இல்ல. இருந்தாலும் ஒரு வரி வந்ததே எண்டு இருக்கு.

கேக்கிறது ஆறுதலுக்கு மட்டும் இல்ல எண்டதையும் சொல்லோணும். எபிடியூரல் நல்லாப் பிடிச்சு நிம்மதியா இருந்தவளுக்கு திடீரெண்டு நோ கிழிச்சுக் கொண்டு வந்தா, முந்தி சீசர் செய்த வயிறு எண்டா பழைய தையல் விடுற அடையாளமாயும் இருக்கலாம், சலப்பை நிரம்பியிருக்கலாம், பிள்ளை திரும்பிக் கிடக்கலாம், இல்ல குழாய் விலகியிருக்கலாம். தாய் சொல்லுறதை "மருந்துதானே போகுது" எண்டு தள்ளக் கூடாத இடம் அது.

சித்திட மகள் இப்ப ஏழு மாசம், பாலையூத்தில இருக்கிறா, இதெல்லாம் கேட்டுட்டு "அப்ப நான் 10 எண்டு சொன்னா உடன எபிடியூரல் தருவினமா அக்கா" எண்டு கேட்டா. தரவும் மாட்டினம், அப்பிடி அல்ல விசயம் எண்டன். அனஸ்தீசியா டொக்டர் இருக்கோணும், போட்ட பிறகு பிரசர் பாக்க ஆள் இருக்கோணும், எல்லா ஆஸ்பத்திரியிலயும் எல்லா நேரமும் ஏலாது. இப்பவே கிளினிக்கில கேட்டு வை, இஞ்ச என்ன என்ன குடுப்பினம், மூச்சில இழுக்கிற காஸ் இருக்கா, பெத்தடினா, எபிடியூரல் எண்டா எங்க போகோணும் எண்டு. முதுகு நோ சாகும் வரைக்கும் நிக்கும் எண்டு மாமி சொன்னதைக் கேட்டு பயப்பிடாத, ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததில நெடுநாள் முதுகு நோ எபிடியூரலால கூடினதா வரேல்ல, சீசரும் கூடேல்ல. எபிடியூரல் போட்ட நூறு பேரில ஒருத்தருக்குக் கிட்ட ஊசி கொஞ்சம் ஆழமாப் போய் தலையிடி வரும், அது உண்மை, எழும்பி இருந்தா இடிக்கும், படுத்தாக் குறையும், அதுக்கு வைத்தியம் இருக்கு.

இலக்கம் கேட்டா ரெண்டு இலக்கமாச் சொல்லு, நோ உச்சத்தில இத்தனை, இடையில இத்தனை எண்டு. எந்தப் பக்கம் எண்டு கையை வைச்சுக் காட்டு. கேக்காட்டி நீயாச் சொல்லு, சத்தம் போடாட்டி தெரியாது. ஒருத்தரும் இலக்கத்தில விளங்கேல்ல எண்டா இன்னும் மருந்து வேணும், காணாது எண்டு நேரடியாக் கேளு, எனக்கெண்டா 0 தொடக்கம் 10 வரைக்கும் இருக்கிற எல்லா இலக்கத்தையும் விட அந்தக் கேள்விதான் திறம். அதைச் சிங்களத்திலயும் எழுதித் தாங்கோ எண்டா. எதிர் வீட்டு அன்ரியிட்ட கேட்டு எழுதிக் குடுத்திருக்கிறன், கிளினிக் கொப்பிக்குள்ள வைச்சிருக்கிறா.